கழுத்தில் தொங்கிய சப்பாத்து

பள்ளிக்கூடத்திலிருந்து மலை நடைக்குப் போகிற சனிக்கிழமை காலையிலேயே கேசிகாவுக்குப் பயம் தொடங்கிவிட்டது. மலையை நினைத்து வந்த பயம் அல்ல. அந்த மலை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது தனக்குத் தெரியும் என்பது வகுப்பில் தெரிந்துவிடுமோ என்றுதான் பயம்.

பலெர்மோவில் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தில், பாடம் முடிந்த பிறகு பிள்ளைகளுக்கு வேறு வேலைகளும் உண்டு. பாட்டு, நாடகம், சதுரங்கம், மலை நடை என்று விரும்பியதில் சேரலாம். மலை நடைக்குப் பெயர் கொடுத்தது அம்மா.

"படிக்கிற பிள்ளைக்கு மலையிலை என்ன வேலை?" என்று அப்பா கேட்டார்.

"எந்த நேரமும் கொப்பிக்குள்ளை தலையை வைச்சிருந்தால் ஆர் இவளோடை சிநேகிதம் பிடிக்கிறது? போகட்டும்," என்றார் அம்மா.

"போகட்டும். அதுக்கு மலைச் சப்பாத்தும் வேணுமாம். இருக்கிற சப்பாத்துக்கு என்ன குறை?"

இப்படி முணுமுணுத்த அதே அப்பாதான், வியா மக்வேதா கடைத்தெருவில் கடை கடையாய் ஏறி இறங்கி, தடித்த அடி வைத்த சப்பாத்து ஒன்றை வாங்கி வந்தார். வளருகிற பிள்ளையாம், ஒரு அளவு பெரிதாகவும் வாங்கிவிட்டார்.

இனி அந்த இரகசியத்துக்கு வருவோம். அப்பாவின் பெர்மெசோ, அதாவது இத்தாலியில் தங்குவதற்கான அனுமதி, வராமல் இழுபட்டுக்கொண்டே இருந்தது. அம்மா ஒரு நேர்த்தி வைத்தார். பெர்மெசோ கிடைத்தால், ஒரு வருசம் ஞாயிறுதோறும் பெல்லெக்ரினோ மலையில் வெறுங்காலோடு ஏறி, அங்கே குகைக்கோயிலில் இருக்கும் சாந்தா ரொசாலியா என்ற புனிதையைக் கும்பிடுவதாக. வீட்டில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ரொசாலியாவின் படமும் உண்டு. கேட்டதைத் தருகிற சாமி எல்லாம் அம்மாவுக்குச் சொந்தம்தான். பெர்மெசோ வந்தது. அம்மா ஏறினார். கேசிகாவும் கூடவே ஏறினாள்.

ஒரு திங்கட்கிழமை, வகுப்பில் சால்வோ ஒரு கதை சொன்னான். அவர்கள் இத்தாலியனில் பேசியதை நான் நம்முடைய பேச்சில் சொல்கிறேன்.

"நேற்றுக் காரிலை போகேக்கை பார்த்தன். கொஞ்சப் பேர் வெறுங்காலோடை மலை ஏறினவை. பாவம், சப்பாத்து வாங்க வழியில்லைப் போல."

வகுப்பே சிரித்தது. கேசிகாவும் சிரித்தாள். வாய் மட்டும்தான் சிரித்தது. அன்று முதல் அந்த மலையின் பேரைக்கூட அவள் எடுக்கவில்லை. இப்போது பாருங்கள், மலை நடைக் குழு போகிற முதல் இடமே அந்த மலை.

பழைய கற்பாதையில் ஏறும்போது ஆசிரியை லூச்சியா கேட்டார், "கேசிகா, நீ இஞ்சை வாறது இதுதான் முதல் தரமோ?"

"ஓம், முதல் தரம்," என்றாள்.

அடுத்த வளைவில் அம்மா வழக்கமாகக் குந்தியிருந்து தண்ணீர் குடிக்கும் கல் வந்தது. கேசிகா அதைப் பார்க்காமல் கடந்து போனாள்.

மேலே சாப்பிட்டுவிட்டு எல்லோரும் இறங்கத் தொடங்கினார்கள். ஆசிரியையின் சட்டம் இரண்டு. கைபேசிகள் எல்லாம் அவருடைய பைக்குள் இருக்கவேண்டும். சோடி சோடியாகத்தான் நடக்கவேண்டும், சோடியை விட்டு ஒருவரும் போகக்கூடாது. கேசிகாவுக்குச் சோடியாக வந்தவன் சால்வோ. வரிசையில் அவர்கள்தான் கடைசி.

"அங்கை பார், காட்டாடு," என்றான் சால்வோ. சொன்னவன் பாதையை விட்டுப் பற்றைச் செடிகளுக்குள் இறங்கிவிட்டான்.

"சால்வோ, வா. டீச்சர் ஏசுவா."

"இந்தா வாறன்."

அவன் வரவில்லை. முன்னால் போனவர்கள் வளைவில் மறைந்தார்கள். அவனைத் தனியே விட்டுப் போக கேசிகாவுக்கு மனம் வரவில்லை. கூப்பிட்டுக்கொண்டே பின்னால் இறங்கினாள். ஆட்டைக் காணவில்லை. சால்வோ நின்றான். அவள் அவன் கையைப் பிடித்துத் திரும்பிய அந்த நேரம் பார்த்து, கடல் பக்கமிருந்து முகில் வந்து மலையை மூடியது.

பாதை இல்லை. மரம் இல்லை. கீழே பார்த்தால் தன்னுடைய சப்பாத்தே மங்கலாகத்தான் தெரிந்தது. சுற்றியிருந்த கற்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

எங்கேயோ ஆசிரியையின் விசில் கேட்டது.

"அந்தப் பக்கம். அமுனீ," என்றான் சால்வோ. பலெர்மோப் பிள்ளைகள் 'வா போவம்' என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள்.

விசிலைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பிறகு அது மற்றப் பக்கத்திலிருந்து கேட்டது. அதற்குப் பிறகு தலைக்கு மேலே கேட்டது. பாறைகளில் பட்டு எதிரொலிக்கிற விசிலை நம்பி நடக்கக்கூடாது என்பது அவர்களுக்கு அப்போது தெரியாது.

சால்வோவின் காலில் ஒரு கல் தட்டுப்பட்டது. அது உருண்டு போனது. சத்தம் நின்றுவிட்டது. நெடுநேரம் கழித்து, எங்கேயோ ஆழத்தில் 'டொக்' என்று கேட்டது.

இரண்டு பேரும் எடுத்த காலைப் பின்னுக்கு வைத்தார்கள்.

"கேசிகா," என்றான் சால்வோ மெல்ல. "முன்னுக்கு ஒண்டும் இல்லை."

"இரு. அப்பிடியே நிலத்திலை இரு."

இருந்தார்கள். கத்தினார்கள். குரலை முகில் விழுங்கிவிட்டது. அசையாமல் இருந்தால் ஆராவது தேடி வருவார்கள் என்று கேசிகா நினைத்தாள். ஆனால் அவர்கள் இருந்த சரிவு சும்மா இருக்கவில்லை. கீழே சின்னக் கற்கள் மெதுவாக வழுக்கின. கேசிகா இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றிக்கொண்டாள். அம்மாவை நினைத்தாள். அம்மாவின் முகம் வரவில்லை, அவருடைய கால்கள்தான் நினைவுக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு முன்னால் ஏறிப்போகும் வெறுங்கால்கள்.

பாதைக் கல் வழுவழுப்பு. எத்தனையோ காலமாக ஆட்கள் நடந்து நடந்து தேய்ந்த கல். பாதைக்கு வெளியே இருக்கிற கல்லோ ஊசி ஊசியாய்க் குத்தும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், காலுக்கு அப்படியில்லை. ஆனால் சப்பாத்தைக் கழற்றினால் சால்வோ பார்ப்பான். ஏனென்று கேட்பான்.

காலுக்குக் கீழே இன்னொரு கல் வழுக்கியது. கேசிகா நாடாவை அவிழ்த்தாள். இரண்டு சப்பாத்தையும் சேர்த்து முடிந்து கழுத்தில் போட்டாள்.

"என்ன செய்யிறாய்?" சால்வோவின் குரல் அழுகையாக வந்தது.

"என்ரை பையின்ரை வாரைப் பிடி. எழும்பாதை. இருந்தபடியே பின்னாலை அரக்கி அரக்கி வா."

"நான் வரமாட்டன். எனக்குப் பயமாயிருக்கு."

"எனக்கும்தான். ரெண்டு பேருமாப் பயந்துகொண்டு போவம்."

சரிவின் மேல்பக்கமாக ஒரு காலை நீட்டித் தடவினாள். குத்தியது. மற்றக் காலை நீட்டினாள். முள். இன்னும் கொஞ்சம் அரக்கினாள். வழுவழுப்பாய் ஒரு கல். மனம் துள்ளியது. அதற்கு அடுத்த கல் சுருக்கென்று ஏறியது. பாதை இல்லை, ஏமாற்றுக் கல். பின்னால் சால்வோவின் பல் கிடுகிடுத்தது. கேசிகாவின் பாதத்தில் இரத்தம் பிசுபிசுத்தது. எந்தப் பக்கம் போகிறோம் என்பதே அவளுக்கு நிச்சயமில்லை. தப்பான பக்கமாக இருந்தால் என்ற எண்ணம் வந்தது. ஆனாலும் காலை நீட்டினாள்.

மறுபடியும் வழுவழுப்பு. நம்பப் பயந்து பக்கத்தில் தடவினாள். வழுவழுப்பு. அதற்கும் பக்கத்தில் தடவினாள். அதுவும் வழுவழுப்பு.

"சால்வோ, வந்திட்டம். இதுதான் பாதை," என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பாதை நடுவில் ஒட்டிக்கொண்டு இருந்தபடி இருவரும் மாறி மாறிக் கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கைவிளக்கு வெளிச்சம் ஒன்று வந்தது. அதன் பின்னால் ஆசிரியை வந்தார். அவர் பின்னால் முழுக் குழுவும் கையோடு கை கோத்தபடி வந்தது. ஆசிரியை இரண்டு பேரையும் கட்டிப்பிடித்தார். பிறகு நன்றாக ஏசினார். பிறகு கேசிகாவின் கால்களைப் பார்த்தார்.

"சப்பாத்தை ஏன் கழட்டினனி? பாதையை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

எல்லோரும் கேசிகாவைப் பார்த்தார்கள். பள்ளத்தின் விளிம்பில் வந்த பயம் போய், பழைய பயம் வந்து நின்றது. ஏதாவது ஒரு பொய் சொல்லலாம். சால்வோவும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"காலாலை," என்றாள் கேசிகா. "ஞாயிறுகளிலை நாங்கள் இஞ்சை வெறுங்காலோடைதான் ஏறுறனாங்கள். அது நேர்த்தி. சால்வோ அண்டைக்குப் பார்த்தது எங்கடை ஆக்களை. அதிலை என்ரை அம்மாவும் வந்தவ. நானும் வந்தனான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சால்வோவுக்குக் காது இரண்டும் சிவந்துபோயின. அவன் நிலத்தில் அமர்ந்து, சப்பாத்துகளைக் கழற்றி, அவளைப் போலவே முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டான்.

ஆசிரியை கேசிகாவின் காயத்தைக் கழுவித் துணி சுற்றிவிட்டார். முகிலும் மெல்லக் கலைந்தது. சால்வோ அடி வைக்கும்போதெல்லாம் "ஐயோ, ஐயோ" என்று முனகிக்கொண்டே இறங்கினான். ஆனால் அடிவாரம் வரைக்கும் சப்பாத்தை அவன் போடவேயில்லை.

கீழே அப்பா காத்து நின்றார். முதலில் மகளின் கழுத்தைப் பார்த்தார், பிறகு அவள் கால்களைப் பார்த்தார். பக்கத்தில் நொண்டி நொண்டி வந்த சால்வோவையும் பார்த்தார்.

"பிள்ளை, என்ன இது? மலைச் சப்பாத்து இல்லாமல் ஏறேலாதெண்டு சொல்லித்தானே வாங்கினது?"

"ஏறத்தான் அப்பா சப்பாத்து," என்றாள் கேசிகா. "இறங்கிறதுக்குக் கால் போதும்."