மேலே ஏறிப் பார்க்காதவர்கள்

அவள் குடும்பத்தோடு அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்து பத்து நாள் ஆகியிருந்தது. குளிர் எலும்பைக் குத்தியது. மாடிப்படிக்குக் கீழே, அலமாரி அளவு இருட்டறையில், காஸ் ஹீட்டர் ஒன்று செத்துக் கிடந்தது. அதைப் பழுது பார்க்க முதலில் வந்த மூக்குக்கண்ணாடிக்காரர் இரண்டு மணி நேரம் வீட்டைச் சுற்றிவிட்டு, கூரையில் ஏறிப் புகைக்குழாயைத் திறந்து பார்க்காமல் பற்றவைக்கக் கூடாது, வியாழக்கிழமை ஏணியோடு வருகிறேன் என்று போய்விட்டார்.

அவள் கணவனுக்குப் பொறுமை ஏது? நாலு வயசுப் பாப்பா நடுங்கிக்கொண்டிருக்க, இவர் ஆடி அசைந்து வருவாராமா என்று குதித்தான். ஆபீஸ் நண்பன் சொன்ன ஒருவனைக் கையோடு கூட்டி வந்தான். எதைக் கேட்டாலும் அஞ்சு நிமிஷ வேலை மேடம் என்றே அவன் சொன்னதால், மனசுக்குள் அவனுக்கு அஞ்சு நிமிஷம் என்றே பெயர் வைத்துவிட்டாள்.

பற்றவைத்தான். அணைந்தது. மறுபடி பற்றவைத்தான். மறுபடி அணைந்தது. புகை வீட்டுக்குள் திரும்பினால் ஹீட்டரைத் தானே அணைக்கிற சுவிட்ச் ஒன்று அதில் உண்டு. அது பழசாகிப் படுத்துகிறது என்று சொல்லி, அதை அமுக்கி மேலே டேப் ஒட்டினான். கூரையைப் பார்க்க வேண்டாமா என்றாள். பல்லைக் காட்டினான். ஏறினால் கால் தேய்ந்துவிடுமா என்ன? கணவன் அவனை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான்.

வீடு மெல்லச் சூடேறியது. ஈரத் துணியைக் கரியில் போட்டது போல ஒரு வாடை வந்தது.

திடீரென்று ஹீட்டர் அடங்கியது. போய்ப் பார்த்தாள். டேப் உரிக்கப்பட்டு, நாலாக மடிக்கப்பட்டுத் தரையில் கிடந்தது. பாப்பாவின் வேலை என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள். புது டேப் எடுத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, பற்றவைத்தாள். தலை விண்விண்ணென்று தெறித்தது. கோபத்தில் அது உறைக்கவே இல்லை.

இருட்டறைக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

டேப் உரிந்தது. அவள் கண்ணெதிரே.

மாடியில் பளார் என்று ஒரு சத்தம். இன்னொன்று.

பிறகு ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது.

ஓடினாள். உடைந்த ஜன்னலுக்குக் கீழே பாப்பா சாய்ந்து கிடந்தாள். கன்னத்தில் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன. பாப்பாவின் விரல்களைவிடக் கொஞ்சம் பெரியவை.

"தூக்கம் வருதும்மா," என்று முனகினாள். "அந்த அக்கா தூங்க விடாம அடிக்கிறாங்க."

குழந்தையை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். விஷப்புகை, இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். கணவனை ஆஸ்பத்திரி வாசலிலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அஞ்சு நிமிஷம் போனையே எடுக்கவில்லை. பாவி, எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை கண்ணாடிக்காரர் வந்தார். குழாய்க்குள்ளிருந்து கூடை கூடையாகப் பறவைக்கூடு எடுத்தார். புதுக் குழாய் மாட்டி, சுவிட்சை மாற்றி, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து தீயைப் பார்த்தார். நீலமாக, நிதானமாக எரிந்தது.

இந்த வீட்டில் முன்னால் யார் இருந்தார்கள் என்று கேட்டாள்.

அவர் கைத்துணியைப் பார்த்தபடியே பேசினார். "ஒரு குடும்பம் இருந்துச்சு. ஏழு வயசுல ஒரு பொண்ணு. அப்பவும் இதே மாதிரி கூடு அடைச்சிருந்துச்சு. மேல ஏறிப் பாக்காமலே எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டாச்சு. அந்தப் பொண்ணு தூக்கத்துலயே போயிடுச்சு."

"யார் போட்டது?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான்தாம்மா."

அவளுக்கு ரத்தம் கொதித்தது. ஏணியோடு சேர்த்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது. ஆனால் வந்தவர்களில் கூரை ஏறியவர் இவர் ஒருவர்தான். செய்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. அதுவே இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"வருஷா வருஷம் நீங்கதான் வந்து பாக்கணும்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "வேற எவனையும் உள்ள விடமாட்டேன்."

அவர் தலையாட்டிவிட்டு ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். கேட்டருகே போனபோது பளார் என்று சத்தம் கேட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. அவர் கன்னத்தைத் தொடவில்லை. அடுத்த அடிக்குக் காத்திருப்பவர் போல அப்படியே நின்றார்.

விழட்டும் என்று நினைத்தாள் அவள்.

விழுந்தது.