ஆட்டெலும்பு

பழங்கல்லறையில் கிடைத்த எலும்புக் கல்பெட்டியின் மூடி ஒரு விரல் அளவு விலகியிருந்தது. நேற்று மாலை தீர்சாதான் அதைச் சரியாக மூடிவிட்டுப் போனாள்.

"நீ தொட்டியா?"

"அந்தப் பாறாங்கல்லையா?" உடன் வேலை பார்க்கும் அவ்னேர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "சபாத் நேரத்துல இடுப்பு ஒடிஞ்சா அம்மா பண்ணின மீனை யாரு சாப்பிடறது?"

எருசலேமில் கல்லறை எலும்பு கிடைத்தால் ஆய்வாளர் வைத்துக்கொள்ள முடியாது. மத விவகார அமைச்சக ஆட்கள் அடக்கம் செய்ய வாங்கிப்போவார்கள். இந்தப் பெட்டியில் இருந்தவற்றைச் செவ்வாயன்று வந்து வாங்கிப்போனார்கள், ஒரு மோதிரவிரல் எலும்பைத் தவிர. அதன்மேல் தீர்சா 'ஆடு' என்று சீட்டு ஒட்டி, காலக்கணிப்புக்கு வெளிநாடு அனுப்பிவிட்டாள். காலம் தெரியாவிட்டால் அவளுடைய ஆய்வேடு வெறும் தாள்.

"மோதிரம் போடற ஆடுன்னு ஒரு அத்தியாயம் எழுது, டாக்டரம்மா." அவ்னேர் படியேறிப் போய்விட்டான்.

நிலவறையில் ஈரச் சுண்ணாம்பு வாசனை மெல்லக் கனத்தது. மேலே கடைசிப் பேருந்து உறுமிக்கொண்டு போனது, கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கின, பிறகு வெள்ளி மாலை ஓய்வுநாள் தொடங்குவதை அறிவிக்கும் சபாத் சங்கு நீளமாக ஊதி ஓய்ந்தபோது, அதற்குள் ஒளிந்திருந்த வேறொரு சத்தம் மட்டும் நிற்காமல் மிஞ்சியது.

கல்மேல் கல் உரசும் சத்தம்.

பெட்டியின் பக்கவாட்டில் பழைய அரமேய மொழியில் ஒரு வரி இருந்தது: எடுத்தவர் தம்முடையதை வைப்பாராக. அவள்தான் அதைப் படித்தாள். அடிக்குறிப்பும் எழுதினாள்: 'வழக்கமான மிரட்டல். பொருட்படுத்த வேண்டியதில்லை.'

கையுறைக்குள் மோதிரவிரல் மரத்திருந்தது. கிள்ளினாள். ஊசியால் குத்தினாள். யாருடைய விரலையோ குத்துவதுபோல் இருந்தது.

எலும்பைத் திருப்பி வாங்க ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டாள்.

"உங்க ஆடா?" என்றது ஒரு குரல், அன்பாக. "சோதனைக்காகக் காலையிலயே எரிச்சாச்சுங்க. வயசைத் திங்கட்கிழமை சொல்லிடறோம்."

உரசல் நின்றது.

மூடி பாதி திறந்திருந்தது.

கையுறையைக் கழற்றினாள். ரத்தம் இல்லை. வலி இல்லை. மோதிரவிரல் இல்லை. அந்த இடத்தில் தோல் வழவழப்பாக இருந்தது, பிறந்ததிலிருந்தே அப்படி என்பதுபோல.

போன் வெளிச்சத்தைப் பெட்டிக்குள் காட்டினாள்.

உள்ளே அவள் விரல். நகத்தோரம், 'ஆடு' என்று எழுதியபோது பட்ட மைக்கறை. அதன் பக்கத்தில் யாரோ தூசியைப் பெருக்கி, ஓர் ஆளின் எலும்புகள் முழுவதையும் அடுக்கும் அளவுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

உள்ளங்கை மரத்துப்போகத் தொடங்கியது.