எர்மெலிந்தா அத்தையின் தண்ணீர்க் குவளை

எர்மெலிந்தா அத்தை செத்து, ஒன்பது இரவு ஜெபமும் முடிந்துவிட்டது. அவள் படுத்திருந்த அறையில் நாற்றம்தான் முடியவில்லை. சர்க்கரை நோயில் அழுகிய காலின் நாற்றம் அது. பர்ரங்கியா நகரில் வெயில் ஏற ஏற, சுவரிலிருந்தே கசிவது போல் வீசியது.

எலியேசரின் மனைவி நூபியா நாலு மாதக் கர்ப்பம். காலையிலிருந்து மூன்று முறை வாந்தி.

"இன்னிக்கும் இப்படியே நாறிச்சுன்னா எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன், எலியேசர். புள்ளை பொறந்தாலும் இங்க வரமாட்டேன்."

"கெட்டுப்போன ரேடியோவையே பேச வைக்கிற கை இது. சாயங்காலம் பாரு, பூக்கடை மாதிரி மணக்கும்."

"கிழிச்ச. முதல்ல அத்தைக்கு வச்ச அந்தக் குவளைத் தண்ணியைத் தெருவுல ஊத்து."

சாப்பாட்டு டப்பா ஒன்றின் அடியில், தண்ணீரைப் புகையாக்கும் காசளவுத் தகட்டை எலியேசர் பொருத்தினான். பக்கத்தில் கெட்ட காற்றைக் கண்டுபிடிக்கும் சென்சார். நாற்றம் ஏறினால் தகடு ஓடும், இறங்கினால் நிற்கும். மதியத்துக்குள் வேலை முடிந்தது. லாவெண்டர் தைலமும் தயார். டப்பாவுக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

பிரார்த்தனை மேசையில் அந்தக் குவளை இருந்தது. செத்தவளின் தாகத்துக்கென்று ஒன்பது இரவும் வைத்திருந்த தண்ணீர். செத்த ஈ ஒன்று மிதந்தது. விரலால் வழித்துப் போட்டுவிட்டு, டப்பாவில் ஊற்றினான்.

கடைசி வாரத்தில் அத்தையும் தண்ணீர்தான் கேட்டாள். அவன் வாசலோடு நின்றுவிட்டான்.

"நூபியா வந்து குடுப்பா, அத்தை."

"மூக்கைப் பொத்திக்கிட்டாவது குடுடா, மகனே."

அவன் கதவைச் சாத்தினான். அதை நினைத்தால் இப்போதும் அவனுக்குக் கூசியது.

சுவிட்சைப் போட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது. வெள்ளைப் புகை எழுந்தது. முதல் மூச்சில் லாவெண்டர்.

அடுத்த மூச்சில் சீழ்.

கட்டுத்துணியைப் பிரித்ததும் வருமே, அதே வெதுவெதுப்பு. மேலண்ணத்தில் கொழகொழவென்று ஒட்டியது. துப்பினான், போகவில்லை. நாற்றம் ஏறியதால் சென்சார் இன்னும் புகையைக் கேட்டது. புகை வந்ததால் நாற்றம் இன்னும் ஏறியது. வயரைப் பிடுங்கி எறிந்தான்.

விளக்கு அணைந்தது.

புகை நிற்கவில்லை.

மூடியை இரண்டு கையாலும் அழுத்தினான். விரலிடுக்கில் வழிந்து, நேராக அவன் மூக்குக்குள் ஏறியது. டப்பா காய்ந்த பிறகுதான் அடங்கியது. அறையில் லாவெண்டர் மட்டும் மிஞ்சியது.

நூபியா எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அட, நெசமாவே மணக்குதே! குவளைத் தண்ணியை ஊத்திட்டியா?"

ஊற்றிவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

"உன் வாயிலேர்ந்து வருது... கிட்ட வராத!"

அவனுக்குத் தொண்டை வறண்டு எரிந்தது.

"தண்ணி... மூக்கைப் பொத்திக்கிட்டாவது குடு."

அந்த வார்த்தைகள் அவன் நினைக்காமலே வாயிலிருந்து வந்தன. நூபியா கதவைச் சாத்தினாள். கொதிக்கும் அந்த மதியத்தில், அவன் விட்ட மூச்சு வெள்ளையாகப் புகைந்து வெளியே வந்தது.