நிலக்கரி அறையின் பூட்டு

பூட்டிலிருந்து உருவிய ஊசியின் முனை வெதுவெதுப்பாக இருந்தது. நிலவறையில் மூச்சு விட்டால் புகையாகத் தெரியும் குளிர். கதவின் இரும்புப் பட்டையைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. ஊசி மட்டும் யாருடைய வாயிலிருந்தோ எடுத்தது போல வெதுவெதுவென்றிருந்தது. அந்தச் சூடு மார்லிஸுக்குப் பழக்கமானது. பல் மருத்துவமனையில் நாள் முழுக்க மற்றவர்களின் பல்லிடுக்கில் கருவிகளை விட்டு எடுப்பதுதான் அவள் வேலை.

கைச்சூடு ஏறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் மண்டியிட்டாள்.

பூட்டுகளைச் சாவியில்லாமல் திறக்கும் பைத்தியம் அவளுக்கு இலையுதிர் காலத்தில்தான் பிடித்தது. சமையலறை மேசையில் வாங்கிக் குவித்த பூட்டெல்லாம் திறந்துவிட்டன. டுலூத் நகரில் மதுவடிசாலை ஒன்றின் பின்னறையில் கூடும் பூட்டுப் பிரியர்கள் அவளிடம் முதல் நாளே இரண்டு விதிகள் சொல்லியிருந்தார்கள்: உன்னுடையதல்லாத பூட்டைத் தொடாதே, யாராவது பயன்படுத்தும் பூட்டைத் தொடாதே. இந்தப் பூட்டைத் தொட்டதில் இரண்டு விதிகளும் மீறப்பட்டன. வீட்டின் மேல்தளத்தில் அவள், கீழ்த்தளத்தில் கிழவர் ஓரின் ஃபிளாட்மோ, அதற்கும் கீழே இருவருக்கும் பொதுவான நிலவறை. அதன் மூலையில் ஒரு காலத்தில் நிலக்கரி கொட்டிவைத்த சின்ன அறை. அதன் கதவுக்குப் பூட்டு போட்டிருந்தவர் ஃபிளாட்மோ. தினமும் இருட்டத் தொடங்கும்போது படியிறங்கி வருவார், சாவியைப் போட்டுப் பார்ப்பார், கதவை இழுத்துப் பார்ப்பார், "சரி" என்று முனகிவிட்டு மேலே போவார். வீட்டுக்கு வெந்காற்று கொண்டுவரும் குழாய் வழியாக அந்தச் "சரி" அவள் சமையலறைவரை கேட்கும்.

இன்று காலையும் அவள் காரைப் பனியிலிருந்து தோண்டி எடுத்து வைத்தவர் அவர்தான். திறந்து பார்த்துவிட்டு அப்படியே பூட்டிவிடலாம், அவருக்குத் தெரியவா போகிறது என்று அவளுக்கு அவளே சமாதானம் சொல்லியிருந்தாள். சமாதானம் ஒட்டவில்லை.

பூட்டும் மசியவில்லை. உள்ளே வரிசையாக நிற்கும் பின்கள் என்ற சின்ன உலோக முளைகளை ஒவ்வொன்றாகச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லாம் நின்றால் சாவி நுழையும் உருளை சுழலும். நடுப் பின்னைத் தூக்கும்போதெல்லாம் உருளை கொஞ்சம் அசைந்து, அத்தோடு கல்லாக நின்றுவிட்டது. குழுவில் மூத்தவனான டெல்மரைத் தொலைபேசியில் அழைத்து நிலைமையைச் சொன்னாள்.

"ரொம்ப அழுத்துற," என்றான் டெல்மர், எதையோ மென்றுகொண்டே. "பல்லு புடுங்குற வேகம் இங்க ஆகாது தாயே. பாதி சுத்தி நிக்குதா? அப்போ உள்ள இடுப்பு ஒடுங்குன பின்னு இருக்கு. ஏமாத்துற பின்னு. கையை லேசா விடு. உருளை பின்னால போகும், பயப்படாதே, போக விடு."

"போனா மத்த பின்னெல்லாம் விழுந்துடுமே?"

"ஒண்ணு ரெண்டு விழும். திரும்பத் தூக்கு. அது சரி, இது உன் பூட்டுதானே?"

"என்னோடதுதான்."

பொய் சொன்னதும் காது சூடானது. தொலைபேசியைக் கால்சட்டைப் பையில் போட்டாள்.

உருளையைத் திருப்பச் செருகியிருந்த நெம்புத் தகட்டிலிருந்து விரலை மெல்லத் தளர்த்தினாள். உருளை பின்னோக்கி நகர்ந்தது. நடுப் பின் மேலேறி நின்றது. முதல் பின். இரண்டாவது. கடைசிப் பின்னைத் தேடி ஊசியை உள்ளே நீட்டியபோது, ஊசி தொடுவதற்கு முன்பே அது உயர்ந்து நின்றது. மெல்ல. பொறுமையாக. மறுபக்கத்திலிருந்து யாரோ தூக்கிக் கொடுத்தது போல.

உருளை சுழன்றது. தாழ் உள்வாங்கியது.

கதவை ஒரு கை அகலம் இழுத்தாள். நனைந்த கம்பளியின் வாடை வந்தது. தொலைபேசி வெளிச்சத்தில் கரித்தூசி படிந்த சுவர்கள், வெறும் தரை. ஒன்றுமில்லை. கதவின் உட்பக்கத்தையும் பார்த்தாள். அங்கே சாவித்துளை இல்லை. வழுவழுப்பான தகடு மட்டும்.

சட்டென்று கதவைச் சாத்தினாள். பூட்டுவதற்காக உருளையைத் திருப்பினாள். பாதியில் சிக்கியது. பின்கள் சாவித்துளைக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துவிட்டன. அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். ஊசியின் முனை முறிந்து உள்ளே தங்கிவிட்டது; கதவு பூட்டாமலே நின்றது.

மேலே ஃபிளாட்மோவின் கதவு திறக்கும் சத்தம்.

பின்படி வழியாக ஓடித் தன் சமையலறைக்கு வந்து குழாயருகே நின்றாள். சாவி நுழைய மறுக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும். மறுபடியும். அன்று "சரி" கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் அவள் கதவைத் தட்டினார். மூச்சு வாங்கியது. வெளியே ஏரிக் காற்று பனியை அள்ளிச் சன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.

"நிலவறைக்கு யாராச்சும் வந்தாங்களாம்மா?"

"தெரியலையே, மிஸ்டர் ஃபிளாட்மோ. மத்தியானம் படுத்தவ இப்பதான் எந்திரிச்சேன்."

அவர் அவள் முழங்காலைப் பார்த்தார். கால்சட்டையில் கரித்தூசி. கண்ணை அங்கிருந்து எடுத்துவிட்டார்.

"பூட்டு ரிப்பேர்காரன் புயல் நின்னாதான் வருவானாம். கதவுக்கு முட்டுக் குடுக்க ஒரு நாற்காலி இருந்தா குடு. என்னோடதெல்லாம் என்னை மாதிரியே ஆடுது."

சிரிக்க முயன்றார். அவள் சமையலறை நாற்காலியைக் கொடுத்தாள்.

"நீ கீழ வராதே, மார்லிஸ். நானே கூப்பிட்டாலும் வராதே."

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். "சூப் ஏதாவது கொண்டு வரட்டுமா?" என்றுதான் வந்தது.

"வேணாம்மா. கதவைச் சாத்திக்க."

வெளியே வெளிச்சம் மங்கியது. குழாய் வழியாக நாற்காலி கதவில் சாயும் சத்தம், அவருடைய இருமல், தாளம் தப்பிய ஒரு தேவாலயப் பாட்டு. பிறகு பாட்டு நின்றது. கதவின் மரம் முனகியது. நாற்காலி தரையில் உரசியது, நின்றது, உரசியது.

"மார்லிஸ்."

அவள் அசையவில்லை.

"மார்லிஸ், ஒரு கை குடும்மா."

வராதே என்று அவரே சொன்னாரல்லவா? அந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதைப் பிடித்துக்கொள்வது எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. நாற்காலி விழுந்தது. கதவு ஒன்று அறைந்து சாத்திக்கொண்டது. அப்புறம் புயலின் ஊளை மட்டும்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் மெல்லிய இடுக்கியையும் தட்டையான எஃகுத் துண்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். ஃபிளாட்மோவின் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, விளக்கு எரிந்தது, உள்ளே யாருமில்லை. நிலவறையில் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அவரைக் காணோம். நிலக்கரி அறையின் கதவு சாத்தியிருந்தது.

கதவில் தோளைக் கொடுத்து மண்டியிட்டாள். இடுக்கியால் முறிந்த முனையை உருவினாள். எஃகுத் துண்டை உள்ளே விட்டு, இறங்கிக் கிடந்த பின்களை மேலே தள்ளிக்கொண்டே நெம்பினாள். லேசாக. லேசாக. உருளை திரும்பியது. தாழ் சட்டத்துக்குள் போய் விழுந்தது.

முடிந்தது. பூட்டியாகிவிட்டது. பெருமூச்சு விட்டாள்.

"பூட்டிட்டியா?" என்றது உள்ளிருந்து ஃபிளாட்மோவின் குரல். "நல்லது."

அவள் கதவிலிருந்து தோளை எடுத்தாள்.

"உள்ளயா இருக்கீங்க?"

"வெளிய நின்னு தாங்க முடியலைம்மா. அது தள்ளுற தள்ளுக்கு, உள்ள வந்து இழுத்துச் சாத்துனாதான் நின்னுச்சு. திறக்காதே."

"நான்தான் பண்ணேன்." அழுகை பீறிட்டது. "நான்தான் திறந்தேன். உங்ககிட்ட பொய் சொன்னேன். நீங்க கூப்பிட்டப்போ கேட்டுக்கிட்டே நின்னேன்."

"தெரியும்மா. பூட்டுக்குள்ள உன் ஊசி மின்னுச்சு." களைத்த குரல். கோபம் துளியும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"திறந்துடுறேன். இப்பவே திறந்துடுறேன்."

கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் விரல்கள் மெல்ல வெளியே வந்தன. பின்னால் பாதி உள்ளங்கை. கரித்தூசி படிந்த கிழட்டுக் கை. பனி அள்ளும் மண்வெட்டிப் பிடியில் நசுங்கிக் கறுத்த கட்டைவிரல் நகம்.

அவள் தரையில் கவிழ்ந்து படுத்து அதைப் பற்றிக்கொண்டாள். அது அவள் விரல்களை இறுக்கியது. பயந்துபோன மனிதனின் பிடி.

"மன்னிச்சிடுங்க," என்றாள். "மன்னிச்சிடுங்க."

பக்கத்திலேயே இன்னொரு கை வெளியே வந்தது. அதே தூசி. அதே சுருக்கங்கள். அதே கறுத்த நகம். தடவித் தடவி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

அவள் குனிந்து பார்த்தாள். கட்டைவிரல்களைப் பார்த்தாள்.

இரண்டும் வலது கை.