மணிக்கட்டுப் பிடி

காளியாயி விழுந்த இடத்தில் புல் இல்லை, வெறும் சரளைக்கல். முழங்கால் தோல் உரிந்து எரிந்தது. அதைவிட வயிறு எரிந்தது.

"ஒனக்குக் கையப் புடிக்கவே தெரியாதா?" என்றார் இராசம்மா டீச்சர்.

"நா புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன் டீச்சர். அவ உள்ளங்கையில லேஞ்சிய வெச்சிருக்கா. அது வழுக்கிருச்சு."

எதிரே தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள் கமலவேணி நின்றாள். முகம் துடைக்கும் வெள்ளை லேஞ்சி அவள் கையில் மடிப்புக் கலையாமல் இருந்தது. தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துப் பிள்ளைகளின் கையைத் தொட்டு ஆடக் கூடாது என்று அவள் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

டீச்சர் லேஞ்சியைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளையைப் பகைத்துக்கொண்டு அந்தத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் நடத்த முடியாது.

"நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும். இனியும் விழுந்தா ஒனக்குப் பதிலா வேற புள்ளையப் போட்டுருவேன்."

பள்ளிக்கூட விழாவுக்காக டீச்சரே கட்டிய ஆட்டம் அது. கும்மியும் இல்லை, கோலாட்டமும் இல்லை. பிள்ளைகள் சோடி சோடியாகக் கைகோத்து, பின்பக்கம் நன்றாகச் சாய்ந்து, தட்டாமாலை சுற்ற வேண்டும். சுற்றிக்கொண்டே எல்லாரும் பெரிய வட்டமாக நகர வேண்டும். ஒருத்தியின் பாரத்தை மற்றவள் தாங்கினால் இருவரும் நிற்கலாம். தாங்காவிட்டால் சரளைக்கல்தான்.

காளியாயிக்கு அந்தச் சுற்றைப்போலப் பிடித்தது உலகத்தில் வேறெதுவும் இல்லை. அதை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது.

மதியம் மலையில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள். வழியில் கிடந்த கல்லையெல்லாம் உதைத்தாள். லீவு நாளில் கொழுந்து பறித்ததில் அவள் விரல்நுனிகள் கறுத்திருந்தன. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை. இது அழுக்கில்லை, கறை என்று யாரிடமாவது கத்த வேண்டும்போல இருந்தது.

"என்னடி மொகம் இப்புடிக் கொதிக்குது? தேத்தண்ணிய அதுலதான் சுட வெச்சியா?" என்றாள் பக்கத்து லயத்து ராக்காயி அக்கா.

காளியாயி இன்னொரு கல்லை உதைத்தாள்.

மழை தூறத் தொடங்கியது. அம்மா நிறைந்த கூடையோடு, மழைத்தண்ணி ஓடும் ஆழமான கானைத் தாண்ட வேண்டும். மேட்டில் நின்ற ராக்காயி அக்கா கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்தாள். அக்காவும் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரே இழுப்பு. கூடையோடு அம்மா மேலே வந்துவிட்டாள்.

தினமும் பார்ப்பதுதான். ஆனால் இன்றைக்குக் காளியாயி உதைக்கப் போன கல்லை விட்டுவிட்டாள்.

மறுநாள் ஒத்திகையில் கமலவேணி லேஞ்சியை எடுத்தாள்.

"அத ஒன் இடுப்புல சொருகு. நா ஒன் மணிக்கட்டப் புடிக்கிறேன், நீ என் மணிக்கட்டப் புடி," என்றாள் காளியாயி.

"அம்மா வையும்."

"ஒங்கம்மாவா சுத்தப் போறாங்க?"

கமலவேணி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் இந்தத் தடவையும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கமலவேணி வேறு வழியின்றிப் பிடித்தாள். இருவரும் சாய்ந்தார்கள். பிடி அசையவில்லை.

"எப்புடிடி அது?" என்று மற்றப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். காளியாயி ஒவ்வொரு சோடிக்கும் காட்டிக் கொடுத்தாள், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே. சாயங்காலத்துக்குள் முழு வட்டமும் மணிக்கட்டுப் பிடியில் சுற்றியது.

விழா, காலையில் வேலைக்காரர்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நடந்தது. தரையெல்லாம் ஈரம். முன்வரிசை நாற்காலியில் கமலவேணியின் அம்மா.

அவரைக் கண்டதும் கமலவேணி மறுபடி லேஞ்சியை எடுத்தாள். அதைக் காளியாயியின் மணிக்கட்டில் போட்டு, அதன்மேல் விரல்நுனியால் சும்மா தொட்டாள். மேளம் தொடங்கிவிட்டது. வட்டம் நகர்ந்தது.

காளியாயிக்குத் தலை சூடேறியது. இப்போது தன் பிடியை விட்டால் போதும், வெள்ளைச் சட்டையோடு இவள் சேற்றில் புரளுவாள். லயமே பார்க்கும். அவள் விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன.

அந்த நேரம் பார்த்துக் கமலவேணியின் கால் வழுக்கியது. கண்கள் பயத்தில் விரிந்தன.

காளியாயியின் விரல்கள் யாரையும் கேட்காமல் இறுகின. கமலவேணி தொங்கியபடி ஒரு அரைச் சுற்றுப் போனாள். லேஞ்சி பறந்து சேற்றில் விழுந்தது. பின்னால் வந்த சோடி அதை மிதித்துக்கொண்டு போனது.

"கமலா," என்று முன்வரிசையிலிருந்து குரல் வந்தது.

கமலவேணி திரும்பவில்லை. காளியாயியின் மணிக்கட்டை இறுகப் பிடித்து, முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தாள். மலையும் லயமும் நாற்காலிகளும் ஒரே கோடாக ஓடின. கூட்டம் கை தட்டியது.

ஆட்டம் முடிந்ததும் கமலவேணி மூச்சு வாங்கக் கேட்டாள்.

"விட்டிருந்தா நா விழுந்திருப்பேன்ல. ஏன் விடல?"

"விடத்தான் நெனச்சேன்."

"அப்புறம்?"

"நீ விழுந்தா என் ஆட்டமும்ல போயிரும்."

கமலவேணி தலையைக் குனிந்துகொண்டாள். "நாளைக்கும் சுத்துவமா? சும்மா, வெளையாட்டுக்கு?"

"எனக்கு இன்னும் கோவம் போகல," என்றாள் காளியாயி.

"எப்பப் போகும்?"

காளியாயி யோசித்தாள். "தெரியல. நாளைக்கு வா, சுத்திப் பாப்போம்."