சாய்ந்த கோபுரமும் மூன்றாம் ஓலையும்

அந்தோணியார் மேல் ஆணை, இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. வேண்டுமானால் நீட்டிக் காட்டுகிறேன்.

பெரிய வெள்ளத்துக்கு முந்தின வருஷம். மலாயாவின் தெலுக் ஆன்சனில் கப்பலை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் போய் அண்ணாந்து பார்ப்பது அந்தச் சாய்ந்த கோபுரத்தைத்தான். உச்சியில் கடிகாரம், அதற்குக் கீழே ஊருக்கே தண்ணீர் கொடுக்கும் இருட்டுத் தொட்டி. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தவன் ஸ்டானிஸ்லாஸ். அவனுடைய உயிர்ச் சிநேகிதன், ரப்பர் தோட்டத்து ஆம்புரோஸ். எந்நேரமும் கிராம்பு மெல்லுகிறவன்.

ஆம்புரோஸுக்கும் கெர்ட்ரூடுக்கும் கோயிலில் ஓலை வாசித்தார்கள். எங்கள் வேதக்காரர் வழக்கம் அது: மூன்று ஞாயிறு சாமியார் இருவர் பெயரையும் வாசித்து, தடை இருந்தால் சொல்லச் சொல்வார். மூன்றும் தாண்டினால்தான் தாலி. இரண்டு தாண்டியாயிற்று.

"மேல வா மச்சான், ஆறு கடல்ல சேர்றது தெரியும்லா," என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

"சாயுதேடா, விழுந்துட்டா?"

"நான் பிடிச்சுக்கிறேன்."

பிடிக்கவில்லை. தள்ளினான். தொட்டி மூடியைச் சாத்தினான்.

"காம்பாருக்கு ஓடிட்டான்லா. அங்க வேற பொண்ணு இருக்கு," என்று ஊரெல்லாம் சொன்னான். கெர்ட்ரூட் அழுது ஓய்ந்தாள். அவள் அப்பா மானத்துக்குப் பயந்து ஸ்டானிஸ்லாஸுக்கே பேசி முடித்தார். புதிதாக ஓலை ஆரம்பித்தது.

அந்த வாரமே குழாய்த் தண்ணீரில் ஒரு வாசம்.

கெர்ட்ரூட் சோறு வடித்தாள். கஞ்சியிலும் அதே வாசம்.

கிராம்பு.

மூன்றாம் ஓலை. நல்ல வெயில் நேரம். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன்.

"தடை அறிந்தவர் உண்டா?"

சொட்டு.

வாசலில் தீர்த்தத் தொட்டி நிரம்பி வழிந்தது. நடுவழியில் ஓர் ஈரக் காலடி பதிந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. காலைக் காணோம். அடிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"இருக்கு, சாமி." தண்ணீருக்கடியிலிருந்து வந்த குரல். "பிடிச்சுக்கிறேன்னு சொன்னான்."

கெர்ட்ரூட் மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"நீயா?"

ஸ்டானிஸ்லாஸ் வாயைத் திறந்தான். பேச்சு வரவில்லை, தண்ணீர் வந்தது. தரையில் ஓடிய தண்ணீரில் ஒரு கிராம்பு மிதந்தது.

அவள் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள். கோபுரத் தொட்டியைத் திறந்து துழாவினார்கள், ஒன்றுமில்லை. ஆனால் இன்றைக்கும் அந்தத் தீர்த்தத்தில் விரல் நனைத்தால் கிராம்பு மணக்கும்.

அத்தனையும் சத்தியம். விட்டுப்போனது ஒன்றுதான்: மூன்றாம் ஓலை வாசித்த அந்த ஞாயிறு நான் காம்பாரில் ஆம்புரோஸ் வீட்டில் இருந்தேன். அவன் புதுப் பெண்டாட்டி ரோசம்மா எனக்கு மீன் குழம்பு ஊற்றினாள்.