பதினேழாம் குறி

யாருமே இல்லாத மண்டபத்தில் ஓர் ஆள் நிற்பதாகத் திரை சொன்னது. ஆட்கள்: 1. குறி: 17. தர்ஷனாவுக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். பௌர்ணமிப் போயா விடுமுறை, கட்டடம் பூட்டிக் கிடக்கிறது, சாவி அவள் பையில் இருக்கிறது. இதற்குள் எவன் வந்து நிற்கப் போகிறான்?

மண்டபத்துக்கு வெளியே, கண்ணாடிக் கதவுக்கு எதிரே அவளுடைய மேசை. உள்ளே நாலு மூலைகளிலும் சின்ன வெள்ளைப் பெட்டிகள் ஒன்றுக்கொன்று ஓயாமல் அலைகளை அனுப்பிக்கொண்டிருந்தன. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். குறுக்கே ஆள் நின்றால் அலை மங்கும், திரையிலுள்ள வரைபடத்தில் அந்த இடம் கறை பிடித்தாற்போலக் கருக்கும். போனும் இல்லாமல், கூப்பிடத் தெம்பும் இல்லாமல் விழுந்து கிடக்கும் நோயாளியைக்கூட இது கண்டுபிடித்துவிடும் என்று தன் ஆய்வில் எழுதியிருந்தாள். தரையில் மஞ்சள் நாடாவால் ஒட்டிய முப்பது குறிகள். இருபத்தொன்பது உள்ளே. முப்பதாவது வெளியே, அவள் உட்காரும் கதிரைக்குப் பின்னால், அங்கும் ஒரு பெட்டி. மேசையில் இருக்கும் தன்னை மட்டும் கணக்கில் எடுக்காதபடி கணினி நிரலை அமைத்திருந்தாள்.

நாளைக் காலைக்குள் பத்துச் சோதனை ஓட்டங்கள் வேண்டும். வெறும் மண்டபம் பத்துத் தடவையும் வெறும் மண்டபமாகவே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் மூன்று வருட ஆய்வும், கிடைக்கவிருந்த விரிவுரையாளர் வேலையும் போயிற்று. "ஒங்க அளவுகள நம்ப முடியல, தர்ஷனா," என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னவர் ஆய்வுக்குப் பொறுப்பான நிஸாம் சேர். அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே போனாள். தரையைத் துடைத்த மருந்து வாடை. அதற்கு அடியில் வேறு ஏதோ காரமான வாடை. பதினேழாம் குறியில் நாடாவைத் தவிர ஒன்றுமில்லை. அலையைக் குழப்புவது இதுதான் என்று பக்கத்திலிருந்த இரும்பு அலுமாரியைக் கோபத்தோடு வெளியே இழுத்துப் போட்டாள். இரண்டாவது ஓட்டம். பதினேழு. பெட்டிகளைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினாள். வத்தேகமப் பக்கமிருந்து வந்த மழை கூரையில் விழத் தொடங்கியது. பட்டப்பகலிலேயே மண்டபம் இருண்டது. மூன்றாவது ஓட்டம். பதினேழு.

போனை எடுத்தாள்.

"சேர், வெறும் ஹோல்ல ஆள் காட்டுது. பெட்டி பழுது."

"எத்தின தரம்?"

"மூணு தரமும் அதே எடம். பெட்டிய மாத்திப் போட்டும் அதே எடம்தான்."

"அப்ப பழுதில்ல. பழுதுன்னா எடம் மாறுமே. அங்க யாரோ நிக்கிறாங்க. போய்ப் பாருங்க."

போனை மேசையில் எறிந்தாள். பார்க்கத் தேவையில்லை. அங்கே நிற்க ஒரே ஓர் ஆள்தான் உண்டு, அவர் செத்து மூன்று வாரம்.

செல்லச்சாமி கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறவர், மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து ஆள். சோதனைக்கு ஓர் உடம்பு தேவைப்பட்ட நாட்களில் துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு வந்து நிற்பார். "நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க" என்பாள். ஒரு நிமிட அளவு முடிந்ததும், "போதும், வாங்க." ரப்பர் செருப்பு கீச்சிட மேசையருகே வருவார், முழங்காலில் பூசிய தைலம் மணக்கும். "அடுத்து எங்க மிஸ் நிக்கணும்?" என்பார். காலை மாற்றி வைத்தால் கத்துவாள்.

அவர் செத்த அன்று, அவரைப் பதினேழில் நிறுத்தியபோது நிஸாம் சேரின் அழைப்பு வந்தது. அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லையாம். சண்டை போட்டபடியே கீழே இறங்கிப் போனாள், அழுதாள், தேநீர் குடித்தாள். திரும்பி வர ஒரு மணி இருபது நிமிடம். அவர் நாடாவின்மேல் விழுந்து கிடந்தார். இருதயம் என்றார் டாக்டர். தரை துடைத்துக்கொண்டிருந்தார் என்று பொலிசிடம் சொன்னாள்.

கணினிப் பதிவில் எல்லாம் இருந்தது. ஐம்பத்து நாலு நிமிடம் ஆணி அடித்தாற்போல அசையாத ஒரு கறை. அப்புறம் அது நீளமாகி, தரையோடு கிடந்தது. கறை நீளமான பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைத் தன் மிகச் சிறந்த அளவு என்று கொடுத்தாள். அதைத்தான் சேர் நம்பவில்லை. செத்தவர்மீதும் அவளுக்குக் கோபம்தான். முடியல மிஸ் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? வாயில்லையா?

நாலாவது ஓட்டம். பதினேழு. ஐந்தாவது. பதினேழு. சேர் கேட்டபடியே, ஒரு மயிரிழை பிசகாமல், ஒரே அளவு.

கதவைத் தள்ளித் திறந்தாள். தைல வாடை முகத்தில் அடித்தது.

"என்னா வேணும் ஒங்களுக்கு? செத்தும் என் பொழப்புல மண்ண போடணுமா?" குரல் சுவரில் மோதித் திரும்பியது. "போதும்! வாங்க!"

வழக்கத்தில் வந்துவிட்டது. அன்று சொல்லாமல் போன அதே இரண்டு வார்த்தை.

மழை மட்டும் கேட்டது. கதவைச் சாத்திவிட்டுக் கதிரையில் வந்து விழுந்தாள். திரையைப் பார்த்தாள்.

குறி: 18.

கீச்.

குறி: 19. கீச். வழக்கமான நடை. அவசரமில்லாத, முழங்கால் வலிக்கிற நடை. 23. 24. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறும் தரை. 28.

29. கதவுக்கு நேரே.

கதவு திறக்கவில்லை. அசையவே இல்லை.

குறி: 30.

முதுகுக்குப் பின்னால் செருப்பு நின்றது. தைலம். ஈரத் துணி. பிடரியில் சில்லிப்பு.

"அடுத்து எங்க மிஸ் நிக்கணும்?"

கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஒரு குறியைச் சொன்னால் போதும், போய்விடுவார். போய் நிற்பார். மறுபடி அவள் கூப்பிடும்வரை நிற்பார். எண் ஒன்றும் வாயில் வரவில்லை. திரும்பவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. திரையின் ஓரத்தில், ஆள் அசையாமல் நிற்கும் நேரத்தை எண்ணுவதற்கென்று அவளே அமைத்த கடிகாரம் ஓடத் தொடங்கியது.

பத்து நிமிடம். மழை விட்டது. இருபது. போன் அடித்தது, நின்றது. நாற்பது. பின்னால் மூச்சு வாங்கியது, மெல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் சொல்லும் வரைக்கும் அசையாமல்.

ஐம்பத்திரண்டு.

ஐம்பத்து மூன்று.

வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

ஐம்பத்து நாலு. வரைபடத்தில் கறை மெதுவாக நீளத் தொடங்கியது, அவள் பக்கமாக. கதிரையின் முதுகு கிறீச்சிட்டது. அதன்மேல் முழு ஆளின் பாரம் வந்து சாய்ந்தது.